காதுக்குப் போட்ட பூட்டு

2024 செப்டம்பர் 12-ந் தேதி அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உணவு, மருந்து நிர்வாக இலாகா ஓர் அனுமதி வழங்கிற்று. பாட்டுக் கேட்பதற்கென்று கடைகளில் விற்கும் கம்பியில்லா இயர்பட்ஸை, அதற்கென எழுதிய மென்பொருளின் உதவியால், காது மந்தமானவர்கள் காது கேட்கும் கருவியாகவே உபயோகிக்கலாம் என்பதே அந்த அனுமதி. ஆப்பிள் கம்பெனியின் ஏர்பாட்ஸ் புரோ என்ற சாமானுக்கு அது கிடைத்தது. இதை ஒரு வியாபாரச் செய்தி என்று படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியவர்கள் பலர். நாம் அப்படிக் கருதவில்லை. இது முழுக்க முழுக்க ராஜீய விஷயம் என்பது நமது அபிப்பிராயம்.

காது கேளாத மனிதனுக்கும் அவன் கேட்க விரும்பும் சொல்லுக்கும் இடையே இத்தனை காலம் நின்றது விஞ்ஞானத்தின் குறைபாடு அன்று; விலையும், விதியும், வெட்கமுமே. சட்டம் அந்தப் பூட்டுகளில் ஒன்றைத் திறந்திருக்கிறது. திறந்த கதவில் வேறொரு பூட்டு ஏறாமல் பார்த்துக்கொள்வது இனி ஜனங்களின் வேலை.

செவி மந்தம் அற்ப விஷயம் என்று எண்ணுவோர் ஒரு பொதுக்கூட்டத்தின் கடைசி வரிசையைச் சற்றுத் திரும்பிப் பார்க்கட்டும். அங்கே ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். மேடையில் பேசுவது அவருக்குச் சப்தமாகக் கேட்கிறது, சொல்லாகக் கேட்கவில்லை. மற்றவர்கள் கைதட்டும்போது அவரும் தட்டுகிறார். சிரிக்கும்போது அவரும் சிரிக்கிறார். அடுத்த கூட்டத்துக்கு அவர் வருவதில்லை. வீட்டிலும் அதே கதைதான். என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று அவர் கேட்டால், “ஒன்றுமில்லை தாத்தா” என்று பேரன் பதில் சொல்லிவிடுகிறான். கண் தெரியாதவரிடம் இரக்கம் காட்டும் ஊர், காது கேளாதவரைக் கண்டால் எரிச்சல் கொள்கிறது. ஒரு பிரஜையை ஊர் விவகாரங்களிலிருந்து சத்தமில்லாமல் விலக்கிவைக்க இதைவிட வேறு உபாயம் வேண்டுமா?

இப்படி விலக்கப்பட்டவர்கள் கொஞ்சநஞ்சம் பேர் அல்ல. செவிக்குறைவால் சிகிச்சையோ பயிற்சியோ கருவியோ தேவைப்படுவோர் உலகத்தில் 43 கோடிப் பேர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் கணக்குச் சொல்லிற்று. கருவியால் பயன் பெறக்கூடியவர்களில் நூற்றுக்கு 17 பேரே அதை உபயோகிக்கிறார்கள் என்பதும் அந்த ஸ்தாபனத்தின் கணக்கு. முதுமையில் வரும் அறிவு மழுக்கத்துக்குத் தடுக்கக்கூடிய காரணங்களில் செவிக்குறைவும் முக்கியமான ஒன்று என்று லான்செட் வைத்தியப் பத்திரிகை அமைத்த கமிஷன் 2024-ல் மீண்டும் வற்புறுத்தியிருக்கிறது. கருவி மாட்டிக்கொண்டால் அந்த மழுக்கம் எல்லோருக்கும் நின்றுவிடும் என்று சொல்லத் துணிவது தவறு. 977 முதியோரை மூன்று வருஷ காலம் கவனித்து 2023-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியில், மொத்தக் கூட்டத்தில் வித்தியாசம் காணப்படவில்லை. அந்த அபாயம் அதிகமாயிருந்த பகுதியினரிடம் மட்டும் மழுக்கத்தின் வேகம் பாதியளவு குறைந்தது. எனினும் மனிதன் மனிதனோடு பேசுவதற்கு இந்த நிரூபணமெல்லாம் முன்கூட்டி வேண்டுமா? பேச்சைக் கேட்பதே ஒரு பலன் அல்லவா?

இனி, இயர்பட்ஸ் எப்படிக் காது கேட்கும் கருவியாகிறது என்று பார்ப்போம். கருவியில் இருப்பவை மூன்று: வெளி ஓசையை வாங்கும் மைக், அதை அளந்து பெருக்கும் நுண்ணிய யந்திரம், காதுக்குள் ஒலிக்கும் சிறிய ஒலிபெருக்கி. இம்மூன்றும் இயர்பட்ஸிலும் உண்டு. ஆனால் எல்லா ஓசையையும் ஒரே மாதிரி பெருக்கிவிட்டால் காரியம் ஆகாது. வயதானவர்களுக்கு முதலில் மங்குவது பெரும்பாலும் உயர்ந்த சுருதி. ‘ச’, ‘த’, ‘க’ போன்ற மெய்களின் ஓசை தேய்ந்து, உயிரொலி மட்டும் காதில் நிற்கும். ஆகையால்தான், “சப்தம் கேட்கிறது, வார்த்தை புரியவில்லை” என்று அவர்கள் முறையிடுகிறார்கள். எந்தச் சுருதியில் எவ்வளவு குறைவு என்று அளந்து, அதற்குத் தக்கபடி ஏற்றிக் கொடுப்பதே கருவியின் சூட்சுமம். இந்த அளவெடுப்பை ஐபோன் என்ற கைபேசியின் உதவியால், அமைதியான அறையில், சுமார் ஐந்து நிமிஷத்தில் உபயோகிப்பவரே செய்துகொள்ளலாம் என்பது புதிய ஏற்பாடு.

இவ்வளவு எளிய காரியம் ஏன் இத்தனை காலம் நடக்கவில்லை? இங்கேதான் ராஜீயம் வருகிறது. வைத்தியர் பரிசோதித்த பிறகே கருவி விற்க வேண்டும், அல்லது பரிசோதனை வேண்டாமென்று வாங்குகிறவர் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்று அமெரிக்காவில் 1977-ல் ஒரு விதி ஏற்பட்டது. ஏமாற்று வியாபாரிகளிடமிருந்து ஜனங்களைக் காக்கவே அந்த விதி பிறந்தது. பிறந்த காரணம் நல்லதுதான். ஆனால் காவலுக்கு வைத்த நாய் நாளடைவில் வீட்டுக்காரனையே உள்ளே விடாமல் குரைக்க ஆரம்பித்துவிட்டது. முதியோருக்கென 1965-ல் ஏற்பட்ட மெடிகேர் வைத்திய இன்ஷூரன்ஸ் சட்டமோ, காது கேட்கும் கருவியின் செலவைக் கொடுப்பதில்லை என்று பச்சையாகவே விலக்கி வைத்தது. முதியோர் வைத்தியத்துக்கென்று செய்த சட்டம் முதியோரின் காதை மறந்த விந்தையை என்னவென்பது!

வியாபாரமோ விரல்விட்டு எண்ணக்கூடிய ஒரு சில கம்பெனிகளின் கைக்குள் அடங்கிப்போயிற்று. 2015-ல் ஜனாதிபதியின் விஞ்ஞான ஆலோசகர் சபை இந்த விஷயத்தை ஆராய்ந்தபோது, உலக வியாபாரத்தின் பெரும் பகுதியை ஆறு கம்பெனிகள் பங்கிட்டுக்கொண்டிருந்தன. 2013-ல் ஒரு ஜோடிக் கருவியின் சராசரி விலை 4,700 டாலர் என்று 2016-ல் அந்நாட்டு விஞ்ஞானக் கழகங்கள் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. கருவியின் விலை, அளவெடுக்கும் கூலி, திருத்தும் கூலி எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி விற்கப்பட்டமையால், எது எவ்வளவு என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. டெலிவிஷனும் கம்ப்யூட்டரும் வருஷத்துக்கு வருஷம் மலிந்துகொண்டே வர, இது மட்டும் மலியவில்லை. விளைவு என்ன? கருவியால் நன்மை அடையக்கூடிய 70 வயதுக்கு மேற்பட்ட அமெரிக்கர்களில் நூற்றுக்கு 30 பேர்கூட அதை ஒருமுறையேனும் மாட்டிப் பார்த்ததில்லை. 20 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு 16 பேரே. இவை அந்நாட்டுச் சர்க்காரின் சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட கணக்குகள். செல்வம் கொழிக்கும் தேசத்தின் கதியே இது.

இந்தப் பூட்டை உடைக்கக் கட்சி பேதம் மறந்து இரண்டு செனட்டர்கள் முன்வந்தனர். ஒருவர் டெமாக்ரடிக் கட்சியின் எலிசபெத் வாரன். மற்றவர் ரிபப்ளிகன் கட்சியின் சக் கிராஸ்லி. அநேகமாக வேறெதிலும் ஒத்துப்போகாத இவ்விருவரும் இதில் ஒன்றுபட்டனர். லேசான அல்லது நடுத்தரமான செவிக்குறைவுள்ள வயது வந்தோர், வைத்தியர் சீட்டின்றிக் கடையிலேயே கருவி வாங்கலாம் என்ற அவர்களது ஷரத்து 2017 ஆகஸ்டில் சட்டமாயிற்று. மூன்று வருஷத்துக்குள் நகல் விதிகளை வெளியிட வேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை. இலாகா அந்தக் கெடுவைத் தவறவிட்டது. 2021 ஜூலையில் ஜனாதிபதி பைடன் தமது உத்தரவு மூலம் முடுக்கிய பிறகே, அவ்வருஷம் அக்டோபரில் நகல் விதிகள் வெளிவந்தன. 2022 ஆகஸ்டில் அவை முடிவாகி, அக்டோபர் 17-ந் தேதி அமலுக்கு வந்தன. சட்டம் நிறைவேறுவது ஒன்று, அமலாவது மற்றொன்று என்பதை அறியாத தேசத் தொண்டர் யார்? சட்டம் வந்துவிட்டது என்று வீட்டுக்குப் போய்ப் படுத்தால், ஐந்து வருஷம் கழித்தும் அது காகிதமாகவே இருக்கும்.

கதவு திறந்ததும் புதியவர்கள் நுழைந்தார்கள். 2022 அக்டோபரிலேயே ஸோனி கம்பெனி, பழைய கருவிக் கம்பெனி ஒன்றுடன் சேர்ந்து, ஆயிரம் டாலரை ஒட்டிய விலைக்குக் கருவிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 249 டாலர் இயர்பட்ஸுக்கு அனுமதி கிடைத்தது அதற்கு இரண்டு வருஷம் பின்னால். சட்டம் முதலில், சரக்கு பிறகு என்ற வரிசையை வாசகர்கள் கவனிக்க வேண்டும். யாரோ ஒரு கம்பெனி கருணை கொண்டு செய்த தானம் அல்ல இது.

சரி, இந்த இயர்பட்ஸ் உண்மையிலேயே வேலை செய்கிறதா? 2022-ல், அதாவது இந்த மென்பொருள் பிறப்பதற்கு முன்பே, தைவான் நாட்டின் தைபெய் நகர ஆஸ்பத்திரியொன்றின் ஆராய்ச்சியாளர்கள் செவிக்குறைவுள்ள 21 பேரைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். அமைதியான இடத்தில் பேச்சைக் கேட்பதற்கு, சாதாரணக் காது கருவிக்கு ஏறத்தாழச் சமமாக ஏர்பாட்ஸ் புரோ பயன்பட்டது. உயர்தரக் கருவிக்குச் சற்றுக் கீழே நின்றது. பக்கவாட்டிலிருந்து வரும் இரைச்சலில் அது சமாளித்தது. எதிரிலிருந்து இரைச்சல் வந்தபோது பயன் தரவில்லை. பின்னர் 118 பேரைக் கொண்டு நடத்திய சோதனையை வைத்தே அமெரிக்க இலாகா அனுமதி கொடுத்தது. தாமே அளவெடுத்துப் பொருத்திக்கொண்டவர்கள், அதே கருவியை நிபுணரைக் கொண்டு பொருத்திக்கொண்டவர்களைப் போலவே பலன் கண்டதாக அச்சோதனை காட்டிற்று.

ஆகவே இது பித்தலாட்டம் அன்று. சர்வரோக நிவாரணியும் அன்று. இதன் எல்லைகளை ஒளிக்காமல் சொல்வது நமது கடமை. லேசான, நடுத்தரமான குறைவுக்கே இது ஏற்றது. காது அடியோடு மங்கியவருக்கு இதன் பலம் போதாது. குழந்தைகளுக்கு இது கூடவே கூடாது. அமெரிக்க விதி 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே. 2024-ல் அனுமதி பெற்ற சாமான் ஒருமுறை மின்சாரம் ஏற்றினால் சுமார் ஆறு மணி நேரம் பாடும். 2025-ல் வந்த அடுத்த சாமான் இந்த உபயோகத்தில் பத்து மணி வரை தாங்கும் என்று கம்பெனி சொல்கிறது. காலையில் மாட்டினால் இரவில் கழற்றும் பழைய கருவிக்கு இது இன்னும் ஈடாகவில்லை. திடீரென்று காது அடைத்தவர், ஒரு காது மட்டும் மங்கியவர், சீழ் வடிபவர், தலைச்சுற்றல் உள்ளவர் ஆகியோர் கடைக்குப் போகாமல் வைத்தியரிடம் போக வேண்டும். அங்கே ஒரு நாள் தாமதமும் காதையே பலிகொள்ளக்கூடும். சாதாரண இயர்பட்ஸை வாங்கிச் சத்தத்தை மட்டும் கூட்டிவைத்துக்கொள்வது வைத்தியமாகாது. இருக்கிற காதையும் அது கெடுக்கும்.

செவி நிபுணர்கள் இதை ஆட்சேபிக்கிறார்கள். கருவி மாட்டுவது கண்ணாடி மாட்டுவது போன்றதல்ல. பழக்க வேண்டும், திருத்த வேண்டும், தைரியம் சொல்ல வேண்டும் என்கிறார்கள். அதில் உண்மை உண்டு. வாங்கிய கருவியை மேஜைக்குள் போட்டுப் பூட்டிவைத்தவர்கள் எத்தனை பேர்! ஆனால் நிபுணரிடம் போகாத பெரும்பான்மையோரின் கதி என்ன என்ற கேள்விக்கு இந்த ஆட்சேபம் விடை தரவில்லை. வாசற்படியே ஏற முடியாதவனிடம் மாடியின் அழகைப் பற்றிப் பேசிப் பயன் என்ன? லேசான குறைவுள்ளவர் கடைக் கருவியால் பழகிக்கொண்டால், குறைவு முற்றும்போது நிபுணரிடம் போகத் தயங்கமாட்டார். நிபுணருக்கு இது நஷ்டம் அன்று.

வெட்கத்தின் பூட்டும் சற்றுத் தளர்ந்திருக்கிறது. காதில் கருவி என்றால் கிழத்தனத்தின் அடையாளம் என்று நாணியவர்கள் உண்டு. இன்று இளைஞர் காதிலெல்லாம் இயர்பட்ஸ் இருக்கும்போது, முதியவர் காதில் இருப்பதை யார் கவனிக்கப்போகிறார்கள்? இதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. இயர்பட்ஸ் மாட்டியவரைக் கண்டால், இவர் பாட்டுக் கேட்கிறார், நம் பேச்சைக் கேட்கவில்லை என்று எதிரிலிருப்பவர் நினைத்துவிடுகிறார். காது கேட்பதற்காக மாட்டியதே காது கொடுக்காத அடையாளமாகிவிடுகிறது. வழக்கம் மாறினால் இதுவும் மாறும்.

ஆனால் எளிதில் மாறாத அபாயம் ஒன்று உண்டு. ஆறு கம்பெனிகளின் பூட்டு தளர்ந்த இடத்தில், ஒரே கம்பெனியின் பூட்டு விழுந்துவிடக்கூடாது. இந்த இயர்பட்ஸ் காது கருவியாக வேண்டுமானால் அதே கம்பெனியின் கைபேசியோ ஐபாடோ வேண்டும். மற்றவரது கைபேசியில் அளவெடுக்க முடியாது. எந்த நாட்டில் இந்த வசதி திறக்கும் என்பதும் கம்பெனியின் மென்பொருளைப் பொறுத்தது. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் இந்த வசதி கிடைக்கும் என்று 2024-ல் கம்பெனி அறிவித்தபோது, அந்த ஜாபிதாவில் இந்தியா இல்லை. அப்போது நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னால் விஷயம் விளங்கும். பெங்களூர் இளைஞர்கள் சிலர் தங்கள் பாட்டிமார்களுக்காக இந்த இயர்பட்ஸை வாங்கினார்கள். சாமான் கையில் இருந்தது, வசதி திறக்கவில்லை. அவர்கள் வெளி அலைகள் புகாத பெட்டியொன்றைக் கட்டினார்கள். உள்ளே கலிபோர்னியா ஊரொன்றின் வைபை நிலையங்கள் இருப்பதுபோல் பாவனை காட்டி, தான் இருப்பது அமெரிக்காவில் என்று யந்திரத்தை நம்பவைத்தார்கள். பாட்டிமாருக்குக் காது கேட்டது. பிறகு வேறு சிலருடைய இயர்பட்ஸுக்கும் அப்படியே செய்துகொடுத்தார்கள்.

இளைஞர்களின் சாமர்த்தியத்தை மெச்சுகிறோம். ஆனால் அந்தச் சம்பவத்தைப் படித்துச் சிரித்துவிட்டுப் போக நம்மால் முடியவில்லை. பணம் கொடுத்து வாங்கிய பண்டம், காதுக்குள் இருக்கும் பண்டம், காது கேட்கச் செய்யவல்ல பண்டம், தான் எந்தத் தேசத்தில் இருக்கிறோம் என்று பார்த்து வாய்மூடி இருக்கிறது! ஒரு பாட்டி தன் பேரன் குரலைக் கேட்க, அவள் அமெரிக்காவில் இருப்பதாகப் பொய்சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. கம்பெனி மீது மட்டும் பழி போடுவது நியாயமல்ல. வைத்தியக் கருவிக்கு நாடுதோறும் அனுமதி பெறுவது அவசியந்தான். ஆனால் தனது பிரஜைகளின் தேவை என்ன, எந்தத் தரத்தில் எந்தக் கருவி கடையில் விற்கலாம் என்று முன்னதாகவே விதி செய்துவைக்காத நாடு, அயலார் எப்போது கதவைத் திறப்பார்கள் என்று வாசலில் காத்திருக்க வேண்டியதுதான். கதவு இன்று திறக்கலாம், நாளை மூடலாம். திறவுகோல் நம்மிடம் இல்லை என்பதே குறை.

நம் நாட்டுச் சட்டத்தையும் பார்ப்போம். 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் வரை குறைந்தவர் காது மந்தமானவர். 70-ம் அதற்கு மேலும் குறைந்தவர் செவிடர். அதற்குக் கீழே குறைவுள்ளவர் சட்டத்தின் கண்ணுக்கே தெரியமாட்டார். லேசான, நடுத்தரமான குறைவு என்று வைத்தியர்கள் சொல்வதோ பெரும்பாலும் அந்த 60-க்குக் கீழேதான். ஆக, இந்தப் புதுக் கருவியால் யாருக்கு நன்மையோ, அவர்களே நமது சட்டத்தின் கணக்கில் விடுபட்டவர்கள். ஏழை முதியோருக்கு உபகரணங்கள் வழங்கும் ராஷ்டிரிய வயோஸ்ரீ திட்டம் 2017 முதல் உண்டு. காது கருவியும் அதில் அடக்கம். அது நல்ல காரியம். ஆனால் தர்மமாகக் கிடைக்கும் கருவிக்கும் சில லட்சம் ரூபாய் விலையுள்ள உயர்தரக் கருவிக்கும் நடுவில் நிற்கும் பள்ளிக்கூட வாத்தியாரும், குமாஸ்தாவும், சிறு கடைக்காரரும் எங்கே போவது? 2024-ல் இருந்ததுபோல் 24,900 ரூபாய்க்கு இயர்பட்ஸ், அதற்குமேல் ஒரு ஐபோன் என்றால், அவர்களுக்கு இதுவும் எட்டாக் கனியே. போதாக்குறைக்கு, காது கருவிக்குச் சரக்கு வரி கிடையாது. இயர்பட்ஸுக்கு 18 சதவிகிதம். காதுக்குள் இருந்து ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பண்டங்களில் ஒன்று மருந்து, மற்றொன்று போகப் பொருள் என்று வரிக்காரர் பிரித்திருக்கிறார்!

நாம் கோருவது அதிகமில்லை. முதலாவது, லேசான, நடுத்தரமான குறைவுள்ள வயது வந்தோருக்குக் கடையில் விற்கத்தக்க கருவிக்கு நமது சர்க்கார் தரம் வகுக்கட்டும்; உச்ச ஓசைக்கு ஒரு வரம்பு கட்டட்டும்; யார் வைத்தியரிடம் போக வேண்டும் என்பதைப் பெட்டியின் மேல் தாய்மொழியில் அச்சிடச் செய்யட்டும். இரண்டாவது, அந்தத் தரத்தை எட்டும் எந்தக் கம்பெனியின் இயர்பட்ஸும் எந்தக் கைபேசியோடும் இயங்க வேண்டும் என்று விதிக்கட்டும். ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்கு இயர்பட்ஸ் விற்கும் கம்பெனிகள் இந்நாட்டில் உண்டு. தரம் இன்னதென்று தெரிந்தால் அவர்களும் முயல்வார்கள். மூன்றாவது, தரம் பெற்ற இயர்பட்ஸுக்குக் காது கருவிக்குரிய வரிச் சலுகையை அளிக்கட்டும். நான்காவது, ஆரம்ப சுகாதார நிலையங்களில் 60 வயது கடந்தவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பதுபோல் காதையும் பார்க்க ஏற்பாடு செய்யட்டும். குறைவு இன்னதென்று தெரியாதவனுக்குக் கருவி எதற்கு?

தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. மேடையில் ஏறி, “உங்கள் காதில் விழும்படி சொல்கிறேன்” என்று முழங்குவது நமக்குப் பழக்கம். விழுகிறதா என்று கீழே இறங்கிக் கேட்டவர் எத்தனை பேர்? கடைசி வரிசைப் பெரியவர் வராமற்போனால், அவர் கொள்கை மாறிவிட்டார் என்று நினைக்கிறோம். காது மங்கிவிட்டது என்று நினைப்பதில்லை. அடுத்த கூட்டத்துக்கு முன் ஒருவர் அவர் வீட்டுக்குப் போய் வரட்டும். போனவர் எதிரே உட்கார்ந்து, முகம் தெரிய, நிதானமாகப் பேசட்டும். சட்டம் வருகிறபோது வரட்டும். இதற்குச் சட்டம் வேண்டியதில்லை.